80 மீற்றரில் யாரும் இருக்கிறீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். மூன்று ஆசிரியர்கள், உயர்தரம் முடித்த நாலைந்து பிள்ளைகள், ரேடியோ திருத்துகிற ஒரு காக்கா. சில மாதங்களாக இஷாவுக்குப் பிறகு கூடி ஒரு பழைய சிற்றலை ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறோம். "சேர், காதில ஹெட்போனப் போட்டுக்கிட்டு அப்படி என்னத்தத்தான் கேக்கிறீங்க" என்று ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் வாப்பாமாருக்கும் இது விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் விரிவாக எழுதுகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மூதூர்ப் பக்கம் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை குடும்பம் தவித்தது. கரண்ட் போகும். கரண்ட் போன சில மணித்தியாலத்தில் ரவரின் பற்றறி இறங்கும். ஜெனரேற்றர் இருந்தால் அதற்கு டீசல் கொண்டுபோகப் பாதை வேண்டும், பாதையோ வெள்ளத்துக்குக் கீழே. நிலத்துக்குக் கீழே ஓடும் கேபிள் அறுந்தால் ரவர் நிமிர்ந்து நின்றும் பிரயோசனமில்லை. கையில் இருக்கும் போன் சின்னதுதான். ஆனால் அது பேச வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய சங்கிலி முழுசாக இருக்க வேண்டும். எந்த வளையம் அறுந்தாலும் போன் வெறும் ரோச் லைட்தான்.

அமெச்சூர் ரேடியோவில், ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள், அந்தச் சங்கிலி இல்லை. இந்தப் பக்கம் ஒரு கருவி, 12 வோல்ட் பற்றறி, ஒரு வயர். அந்தப் பக்கமும் அதேதான். நடுவில் வானம்.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்களில் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். கிண்ணியா வைத்தியசாலையே அலையில் போனது. அன்று அலை முதலில் ஏறியது கிழக்குக் கரையில். அதற்குப் பிறகுதான் அது தீவைச் சுற்றித் தெற்குக்கும் மேற்குக்கும் போனது. பெரேலியவில் ரயிலை அலை அடித்தபோது காலை 9.30 அளவில். அதற்கு முன்பே எங்கள் பக்கம் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கிழக்கில் நடந்தது தெற்குக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஒரு ரேடியோ இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மௌத்தானவர்களை வைத்து வியாபாரம் பேசுவது மாதிரி. இங்கே ஒருவர் பேச அங்கே ஒருவர் அதே நேரம் அதே அலைவரிசையில் காது வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டவர் நம்ப வேண்டும். நம்பியவர் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஆபத்து வந்த நாளில் புதிதாக உண்டாகாது. சாதாரண நாட்களில் ஒவ்வொரு நாளும் "காலையில சாப்பாடு என்ன, மழை எப்படி" என்று பேசிப் பழகிய ஆட்களிடம்தான் அது இருக்கும். எங்கள் கவலை அதுதான். நாட்டுக்குள் பேசுவதற்கு மிகவும் உதவுகிற கீழ் அலைவரிசைகளில் இன்று ஆள் நடமாட்டம் குறைவு.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இலங்கை ரேடியோ சங்கத்தின் விக்டர் குணதிலக்க என்பவர், 4எஸ்7விகே என்பது அவருடைய அழைப்புக்குறி, தன் நண்பர்களோடு சேர்ந்து அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்தினார். தொலைபேசி செத்துக் கிடந்த இடத்திலிருந்து தகவல் போனது. கருவிக்குப் பற்றறிதான் கரண்ட். அதே நேரம் அந்தமான் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி இருந்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தமானிலிருந்து உலகம் முழுவதும் பேசுவதற்காக அனுமதி வாங்கி அந்த மாதம்தான் அங்கே போயிருந்தார். சுனாமி அடித்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, அதே கருவியில் தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பத் தொடங்கினார். அவர் முதல் நாள்வரை செய்துகொண்டிருந்தது வெறும் விளையாட்டு. அந்த விளையாட்டுக்காகக் கட்டிய அன்ரனாதான் அன்றைக்கு உதவியது.

இனி விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஊரில் கரண்ட் இருந்த நாளை விட இல்லாத நாள்தான் கூட. வாப்பா பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பவும் போடுவார். இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை. நோன்பு காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை. பிறைச் செய்திக்கு வீட்டில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி. இரவானால் திருச்சி வானொலி 936இல் தெளிவாக வரும், பகலில் மங்கிப் போகும். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, இரவில் காற்று நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

காரணம் காற்றல்ல. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் பகலில் மட்டும் உண்டாகிற ஒரு படை இருக்கிறது. அதை டி படை என்பார்கள். குறைந்த அதிர்வெண் அலைகளை அது விழுங்கிவிடும். மஃரிபோடு சூரியன் போனால் அந்தப் படையும் கரைந்துபோகும். அப்போது அலைகள் இன்னும் மேலே, 250, 300 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் எஃப் படைவரை போய்த் திரும்பி விழும். அதிர்வெண் எவ்வளவு குறைவோ, பகலில் அவ்வளவு விழுங்கப்படும். எங்கள் மூத்தம்மாமார் காதால் படித்து வைத்திருந்த பாடம் இதுதான்.

கீழ் அலைவரிசை என்று நாங்கள் சொல்வது மூன்றை. 40 மீற்றர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். 80 மீற்றர், 3.5க்கு மேலே. 160 மீற்றர், 1.8க்கு மேலே. சரியான எல்லைகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். கையில் பிடிக்கும் வோக்கி டோக்கி வேறு சாதி, அது விஎச்எஃப். பார்வைக்கு எட்டும் தூரம் அதன் தூரம். கிண்ணியாப் பாலத்தில் நின்றால் திருகோணமலையோடு பேசலாம், கொழும்போடு பேச நடுவில் மலையில் ஒரு றிபீற்றர் வேண்டும். அந்த றிபீற்றருக்கும் கரண்ட் வேண்டும். திரும்பவும் சங்கிலி.

40, 80 மீற்றரில் ஒரு அழகான வேலை செய்யலாம். வயரை உயரமாகக் கட்டாமல் ஐந்து, ஆறு மீற்றர் உயரத்தில் பதிவாகக் கட்டினால் அலை கிட்டத்தட்ட நேராக மேலே போகும். எஃப் படையில் பட்டு மழை மாதிரி கீழே விழும். சுற்றியுள்ள 300, 400 கிலோமீற்றர் முழுவதும் நனையும். மலை குறுக்கே நின்றாலும் பரவாயில்லை, ஏனென்றால் அலை மலையைத் தாண்டிப் போவதில்லை, மேலிருந்து விழுகிறது. இலங்கையின் நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான். இங்கிருந்து நேர்கோட்டில் கொழும்பு 240க்குள், காலி 300 அளவில். பகலில் 40 மீற்றர், இரவு ஏற ஏற 80 மீற்றர் என்று மாறிக்கொண்டால் நாடு முழுவதும் ஒரே முற்றம்.

செலவைக் கேட்பீர்கள். வாங்குவதில் பாரமானது கருவிதான், அன்ரனா அல்ல. 143ஐ மெகாஹெர்ட்ஸால் பிரித்தால் வயரின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு 20 மீற்றர். 3.6க்கு 40 மீற்றர். நடுவில் வெட்டி அங்கே கேபிளைக் கொழுவ வேண்டும், அவ்வளவுதான். 10ஆம் ஆண்டுப் பிள்ளை கணக்குப் போட்டுக் கட்டிவிடும்.

இங்கேதான் குறிஞ்சாக்கேணிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. உலகம் முழுக்கக் கீழ் அலைவரிசைகளை மக்கள் கைவிடுவதற்கு முதல் காரணம் இடமில்லாமை. மாடி வீட்டில் இருப்பவர் 40 மீற்றர் வயரை எங்கே கட்டுவார்? இரண்டாவது காரணம் இரைச்சல். மலிவான போன் சார்ஜர், எல்ஈடி பல்பு, சோலார் இன்வேர்ட்டர் எல்லாம் சேர்ந்து நகரத்தில் 80 மீற்றரை ஒரு சீறலாக மாற்றிவிட்டன. தூரத்து மெல்லிய குரல் அதில் அமிழ்ந்துபோகும். எங்களுக்குத் தென்னை இருக்கிறது, வளவு இருக்கிறது, வயல் இருக்கிறது. கரண்ட் போன இரவில் நாங்கள் ரேடியோவைப் போட்டுக் கேட்டோம். அப்படி ஒரு அமைதி. பகல் முழுக்க இல்லாத நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிள்ளைகள் கரண்ட் வரக்கூடாது என்று துஆ கேட்காத குறை.

களப்பும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி. 40 மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரக் கம்பம் ஒன்றைத் தண்ணீர் ஓரமாக நட்டு வயரை நிமிர்த்திக் கட்டினால், அலை தாழ்வாகப் புறப்பட்டு வெகுதூரம் போகும். கடலோரக்காரர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த சொத்து. திருகோணமலைக்கு ரேடியோ புதிதும் அல்ல. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை இங்கே கம்பியில்லாத் தந்தி ஓடியது. 1980களில் ஜேர்மன் வானொலியான டொச்சே வெல்லே இந்த மாவட்டத்தில் அஞ்சல் நிலையம் அமைத்து ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. பின்பு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எங்கள் மண்ணில் அன்ரனா நட்டார்கள். நாங்கள் மட்டும் நடவில்லை.

நடாததற்குக் காரணம் இருந்தது, அதையும் மறைக்காமல் பேச வேண்டும். போர்க்காலத்தில் வீட்டில் ஒரு வோக்கி டோக்கி இருந்தாலே அது பெரிய விசயம். இரண்டு பக்கத்தாரும் சந்தேகப்படுவார்கள். போர் முடிந்து பத்து வருசத்தில் 2019 ஏப்ரல் வந்தது. அதற்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களில் அரபுக் கிதாபுகளைக்கூட எங்கே வைப்பது என்று எங்கள் பெண்கள் பயந்தார்கள். அப்படியான ஊரில் பிள்ளைகள் தென்னையில் வயர் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, டிட் டா டிட் என்று மோர்ஸ் படித்தால் பெரியவர்களுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். "வேற விளையாட்டு இல்லையா மகன்" என்று ஒரு மூத்தவர் கேட்டார். அவர் கேட்டது அன்பால். நாங்கள் கோபப்படவில்லை.

ஆனால் எங்கள் பதில் இதுதான். இதைவிட வெளிப்படையான தொடர்பு உலகத்தில் இல்லை. அமெச்சூர் ரேடியோவில் இரகசியக் குறியீட்டில் பேசுவது சர்வதேச விதிப்படியே தடை. பேசுவதை யாரும் கேட்கலாம், கேட்கத்தான் பேசுகிறோம். மோர்ஸ்கூட இரகசியமல்ல, புத்தகம் பார்த்து யாரும் படிக்கலாம். ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் தந்த அழைப்புக்குறி உண்டு. அதைச் சொல்லாமல் பேச முடியாது. வட்ஸ்அப் குழுவில் யார் எவர் என்று தெரியாமல் வதந்தி பரப்புகிறோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டாய விதி. அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை யாரும் அனுப்பக்கூடாது. கேட்பது மட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சை எழுத வேண்டும். தொடக்க வகுப்பு, பொது வகுப்பு, உயர் வகுப்பு என்று மூன்று படி. 4எஸ்5, 4எஸ்6, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறிகள் அந்தப் படிகளைக் காட்டும். கருவி கொண்டுவரப் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். நேரம் எடுக்கும், அலைச்சல் உண்டு. இணையத்தில் மலிவாக ஒரு செட் வாங்கி இரகசியமாகப் பேசிப் பார்க்கலாம் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் காதைத் திருகுங்கள். ஒருவர் செய்யும் குறுக்கு வேலை ஊர் முழுவதையும் வாசலில் நிறுத்தும்.

அலைவரிசையும் வயல் மாதிரித்தான். விதைக்காமல் விட்டால் மற்றவன் வேலி போடுவான். 40 மீற்றரில் 7.1க்கும் 7.2க்கும் இடையில் ஒரு காலத்தில் பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் உட்கார்ந்திருந்தன. 2003இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் அந்த இடம் அமெச்சூர்களுக்கு என்று முடிவாகி, 2009 மார்ச்சில் ஒலிபரப்பாளர்கள் விலகினார்கள். கேட்டு வாங்க ஆள் இருந்ததால் கிடைத்தது. ஆள் இல்லாத அலைவரிசைக்காக நாளைக்கு யார் மேசையில் பேசுவார்கள்?

160 மீற்றரைப் பற்றியும் ஒரு சொல். அது பொறுமைக்காரர்களின் இடம். இடி மின்னலின் இரைச்சல் சித்திரையிலும் ஐப்பசியிலும் காதைக் கிழிக்கும், தை மாசி இரவுகளில் கொஞ்சம் அடங்கும். கேட்பதற்கு நல்லது பெவரேஜ் அன்ரனா. குடிக்கிற பெவரேஜ் இல்லை, 1920களில் அதைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர். ஆள் உயரத்தில் 160 மீற்றர் அல்லது அதற்கு மேல் நேராக ஓடும் ஒரு வயர், அவ்வளவுதான். வயல் வரம்பு வைத்திருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். குரல் கேட்காத இடத்தில் எஃப்டி8 என்ற கணினி முறை வேலை செய்கிறது. 2017இல் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், 1993இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஒரு ஹாம். உயர்தரத்தில் பௌதிகவியலைக் கண்டு ஓடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு.

காலமும் சாதகம். சூரியனின் பதினொரு வருசச் சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டது. இனி இறக்கம். மேல் அலைவரிசைகள் மெல்ல மெல்லத் தளரும், இரவில் கீழ் அலைவரிசைகள் தெளியும்.

ஒரு விசயம், சொல்லாவிட்டால் சரியில்லை. மோர்ஸில் ஆண்பிள்ளைகளை விட பெண்பிள்ளைகள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். ஒரு மாணவி இரண்டு மாதத்தில் எழுத்து முழுவதையும் காதால் பிடித்துவிட்டாள். இரவில் கூட்டத்துக்கு வர முடியாது என்பதால் வீட்டிலேயே, உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். உம்மாவுக்கும் இப்போது எஸ்ஓஎஸ் தெரியும்.

2021 நவம்பர் 23இல் எங்கள் படகுப் பாதை கவிழ்ந்ததை இதோடு முடிச்சுப் போட்டுச் சிலர் பேசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது பாலம், ரேடியோ அல்ல. ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கடிக்க நாங்கள் விரும்பவில்லை.

இப்போது கேட்க விரும்புகிறவர்களுக்கு. சாதாரண ரேடியோவில் ஹாம்களின் பேச்சு தாரா கத்துவது மாதிரித்தான் கேட்கும். எஸ்எஸ்பி என்று போட்ட ரேடியோ வேண்டும். சுபஹ் முடிந்து ஒரு மணித்தியாலம் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்புங்கள். தமிழ்நாட்டு அண்ணன்மார் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். இஷாவுக்குப் பிறகு 3.5க்கு மேலே வாருங்கள். பெரும்பாலும் சத்தம் இருக்காது. பரவாயில்லை, அந்த வெறுமையையும் கேளுங்கள், எந்த நாள் எந்த நேரம் எது கேட்டது என்று கொப்பியில் எழுதுங்கள். எங்களிடம் அப்படிப்பட்ட ரேடியோ இரண்டு இருக்கிறது. ஒன்று இரவலுக்கு, கிழமைக்கு ஒரு வீடு. கொப்பியோடு திருப்பித் தர வேண்டும். பற்றறி மட்டும் நீங்கள் போட வேண்டும், வெயிலில் காயவைத்தது வேண்டாம்.